கடிவாளம் இல்லாத வண்டி

கேரி பால்சன் எழுதிய 'வின்டர்டான்ஸ்' (1994) புத்தகத்தை இந்த வருடம் இரண்டாவது முறையாகப் படித்தேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் முறை படித்தபோது, ஆபீஸ் பஸ்ஸில் தனியாகச் சிரித்து, பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்த்தது ஞாபகம் இருக்கிறது. இந்த முறை பாதிக்கு மேல் சிரிப்பு வரவில்லை. புத்தகம் மாறவில்லையே, பிறகு என்ன ஆச்சு என்று யோசித்ததில் எழுதி வைத்தது இது.

தெரியாதவர்களுக்குப் பின்னணி. அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் என்ற நாய்வண்டிப் பந்தயம், மார்ச் மாதம் ஆங்கரேஜில் தொடங்கி பெரிங் கடலோரம் இருக்கிற நோம் ஊரில் முடியும். தூரம் 1049 மைல் என்பார்கள். அதில் அந்த 49, அலாஸ்கா நாற்பத்தொன்பதாவது மாநிலம் என்பதற்காக ஒட்டவைத்தது. நிஜத் தூரம் பாதையைப் பொறுத்து மாறும். (அளவுகளில் இந்த மாதிரி அலங்காரம் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.) பால்சன் 1983-ல் 15 நாய்களோடு ஓட்டி 17 நாளில் முடித்தார். அதற்கு முன்னால் மினசோட்டா காட்டில் வறுமையில் இருந்தவர், பொறி வைத்து விலங்கு பிடிக்கப் போய்வர நாய்வண்டி ஓட்டியவர். அதற்கும் முன்னால் விண்வெளித் துறையில் பொறியாளர் வேலை பார்த்து, ஒரு நாள் எழுத்துதான் வாழ்க்கை என்று விட்டுவிட்டு வந்தவர். இந்த விஷயம் எனக்குக் கொஞ்சம் பொறாமை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாய்வண்டியில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம்ம ஊர் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு, குதிரைக்குக் கடிவாளம் உண்டு. பனிவண்டி நாய்களுக்கு ஒன்றும் கிடையாது. நடுவே ஒரு நீளக் கயிறு, அதில் ஜோடி ஜோடியாக நாய்கள், முன்னால் தலைமை நாய். ஓட்டுகிறவர் கடைசியில், சறுக்குக் கட்டைமேல் நின்றுகொண்டு 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது. கேட்பதும் கேட்காததும் தலைமை நாயின் இஷ்டம். ஓட்டுகிறவர் கையில் உண்மையில் இருப்பது ஒரு பிரேக்கும், பனியில் குத்தி நிறுத்துகிற ஒரு கொக்கியும்தான். அதாவது ஓட வைக்கிற கருவி ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் நிறுத்துகிற கருவி.

வின்டர்டான்ஸின் முதல் பாதி நகைச்சுவை முழுக்க இதில்தான் நிற்கிறது. பனி இல்லாத காலத்தில் பயிற்சிக்காக சைக்கிளில் கட்டுகிறார், பழைய கார்க் கூட்டில் கட்டுகிறார். நாய்கள் இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன, மனுஷனால் நிறுத்த முடிவதில்லை. விழுகிறார், தரையோடு தேய்கிறார், ஸ்கங்க் என்கிற நாற்றம் பீய்ச்சும் பிராணியிடம் மாட்டுகிறார். பந்தயத்தின் தொடக்கத்திலேயே தவறான நாயை முன்னால் கட்டி, அது ஆங்கரேஜ் வீடுகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போகிறது. அபாரமான எழுத்து. தன்னை முட்டாளாகக் காட்டிக்கொள்ளத் தயங்காத ஆளை நாம் உடனே நம்பிவிடுகிறோம். இதைத் தழுவி டிஸ்னி 2002-ல் 'ஸ்னோ டாக்ஸ்' என்று ஒரு படம் எடுத்தது. விழுவதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள்.

என் புகார் இங்கேதான். நாய்கள் இழுக்கின்றன, மனிதன் பின்னால் பரிதாபமாகத் தொங்குகிறான் என்று இருநூறு பக்கம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னால், போவது நாய்களின் முடிவு என்று நமக்குத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தது நாய் இல்லையே. பந்தயத்தின் நடுவே வேறொரு ஓட்டுநர் தன் நாயை உதைத்தே கொல்லும் காட்சி வருகிறது. அங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது, நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காட்சி வாசகனுக்கு ஒரு வசதியும் செய்து தருகிறது: கெட்டவன் அவன், நம்ம ஆள் நாயோடு படுத்துத் தூங்குகிறவர். கஷ்டமான கேள்வி கொடுமைக்காரனைப் பற்றியது அல்ல. பிரியமாக இருக்கிறவனைப் பற்றியது.

அந்தக் கேள்வி வின்டர்டான்ஸில் சரியாக வரவில்லை. நாலு வருடம் முன்னால் அவரே இளைஞர்களுக்காக எழுதிய 'வுட்சாங்'கில் வந்துவிட்டது. அதே பந்தயத்தை அதிலும் சொல்கிறார், நாள் வாரியாக, டைரி மாதிரி, வறட்சியாக. அதற்கு முந்தைய பகுதியில் ஸ்டார்ம் என்று ஒரு நாய். ஒரு பயணத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ரத்தம் பனியில் தெறிக்கிறது. பால்சன் பதறி நிறுத்தி, அதை வண்டியில் ஏற்றிப் படுக்க வைக்கிறார். அது கடித்துக் கிழித்து வெளியே வந்து மறுபடி இழுக்க நிற்கிறது. பிழைத்தும் விடுகிறது, பல வருடம் வாழ்கிறது. ரத்தம் எனக்குத்தான் பெரிய விஷயம், நாய்க்கு அது வாழ்க்கையின் ஒரு பகுதி என்கிற இடத்துக்கு அவர் வந்து சேர்கிறார்.

முதல் முறை படித்தபோது இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. இப்போது என் தொழில் புத்தி குறுக்கே வருகிறது. இது பிழைத்த நாயின் கதை. பிழைக்காமல் போயிருந்தால் இதே வாக்கியத்தை எழுதியிருப்பாரா?

என் சொந்த விஷயம் ஒன்று. தாராபுரம் பக்கம் எங்கள் ஊரில் எனக்கு மணி என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. ஸ்கூலுக்குப் போகிற சைக்கிள் பின்னாலேயே மூணு கிலோமீட்டர் ஓடி வரும். எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஒரு சித்திரை வெயிலில், நண்பர்களிடம் காட்டுவதற்காகவே தார் ரோட்டில் வேகமாக மிதித்தேன். வாலை ஆட்டிக்கொண்டே வந்தது. சாயந்திரம் பார்த்தால் நாலு பாதமும் கொப்புளம். "அதுக்கு ஆசையாத்தான் ஓடி வந்துச்சு ஆத்தா" என்றேன். ஆத்தா விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னது: "அது வர மாட்டேன்னு வாயத் தொறந்து சொல்லுமாடா? நீதான்டா நிறுத்தோணும்."

இடிடராட்டில் இதற்கு ஏற்பாடுகள் இருக்கின்றன, இல்லையென்று சொன்னால் நியாயம் இல்லை. ஒரு 24 மணி நேரக் கட்டாய நிறுத்தம், இரண்டு 8 மணி நேர நிறுத்தங்கள், சோதனைச் சாவடிகளில் கால்நடை மருத்துவர்கள், பாதத்துக்குத் துணி உறை. முடியாத நாயைச் சாவடியில் விட்டுவிட்டுப் போகலாம், விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். இந்த நாய்கள் சாதாரண நாய்களும் அல்ல. பந்தயத்தில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரி அளவுக்குச் செலவழிக்கிற உடம்பு. ஓடுவதில் அவற்றுக்கு இருக்கிற வெறி பொய் இல்லை. அப்படியும் 2024 பந்தயத்தில் மூன்று நாய்கள் இறந்தன.

பால்சனை ஒரேயடியாகக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் ஆத்தாவுக்கான பதிலையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே ஸ்டார்முக்கு ஒரு பழக்கம்: ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு வரும், இவர் வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. ஒரு நாள் வண்டியில் சுமை அதிகம். ஸ்டார்ம் குச்சியை வாங்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வண்டி இழுக்க மறுக்கவில்லை, குச்சியைத்தான் மறுக்கிறது. 'விசுவாசம்' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயத்துக்குள்ளே இப்படி ஒரு 'மாட்டேன்' ஒளிந்திருப்பதை நான் வேறு எங்கும் படித்ததில்லை. மணியும் ஏதாவது ஒரு வழியில் சொல்லியிருக்கும். நான் பின்னால் திரும்பிப் பார்த்தது அது வருகிறதா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான்.

இந்தக் குச்சியை வைத்துக்கொண்டு வின்டர்டான்ஸைப் படித்தால் சிரிப்புக்கு நடுவிலும் சில இடங்கள் தட்டுப்படும். பாதி ராத்திரியில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு நாயாகக் குனிந்து பாதத்தைப் பார்க்கிற பக்கங்கள். முன்பு அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இரண்டையும் படிக்கப் போகிறவர்கள் வுட்சாங்கை முதலில் படியுங்கள். சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.