85 கிராம் பருப்பும் அம்மாவின் தட்டும்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் தாடிக்கொம்பில் கறிக்கடைப் பக்கம் கூட்டம் பாதியாகிவிடும். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர், கேட்கவா வேணும்? சனிக்கிழமை விரதம், மற்ற நாளில் சுத்த சைவம். பக்கத்திலேயே திண்டுக்கல், பிரியாணிக்குப் பேர்போன ஊர். ஆனால் அந்த ஒரு மாசம் எங்கள் தெருவில் கோழிக்குழம்பு வாசனையே வராது. அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் என்று மட்டனைக் குறைக்கச் சொன்னதில் இருந்து எங்கள் வீட்டில் மற்ற மாசங்களிலும் கறி குறைந்துவிட்டது.

"கறி இல்லாம உடம்புக்கு சத்து எப்படிடா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சத்துக் குறைவு என்று டாக்டரிடம் போய் உட்கார்ந்தது அப்பா இல்லை, அம்மா. மாடிப்படி ஏறினால் கால் நடுங்குகிறது, அரிசி மூட்டையை நகர்த்த முடியவில்லை. "புரோட்டீன் பத்தலம்மா" என்று ஒரு பவுடர் டின் எழுதிக் கொடுத்தார்கள். அந்த டின் விலைக்கு மூணு கிலோ துவரம்பருப்பு வாங்கலாம். அந்தக் கடுப்பில்தான் ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட 'இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி'யை எடுத்து உட்கார்ந்து படித்தேன். இது அதைப் பற்றிய விமர்சனம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்

பதினேழு அறிவுரைகள். புரதப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்கிறது, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கான தட்டைக் கிராம் கணக்கில் போட்டுக் காட்டுகிறது: தானியம் 250, பருப்பு வகை 85, காய்கறி 400, பழம் 100, கடலை மாதிரி கொட்டைகள் 35, எண்ணெய் 27, பாலோ தயிரோ 300 மில்லி. கறி சாப்பிடுகிறவர்கள் அந்த 85 கிராமில் ஒரு பங்கை முட்டை, மீன், இறைச்சி என்று மாற்றிக்கொள்ளலாம். மொத்தக் கலோரியில் தானியம் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் நாட்டில் 50 முதல் 70 சதவீதம் வரை தானியத்தில் இருந்தே வருகிறது என்ற உண்மையையும் மறைக்கவில்லை.

தானியமும் பருப்பும் 3:1 என்ற விகிதத்தில் இருக்கணும் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணமும் சரி. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அது இருக்கிறது. ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பும். ஒரே கவளத்தில் இரண்டும் இருக்கணும் என்றுகூட இல்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும். இட்லி, பொங்கல், பருப்புச் சாதம் எல்லாம் இந்தக் கணக்குதான்.

கறியால் எவ்வளவு வந்தது?

அப்பாவின் பயத்தை முதலில் சோதித்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்கு ஒரு கிலோ பிராய்லர் கோழி எடுப்போம். எலும்பு போனால் அறுநூறு கிராம் சதை தேறும். ஆளுக்கு 150 கிராம், அதில் புரதம் சுமார் 30 கிராம். வாரத்துக்கு ஒரு தடவைதானே? ஏழால் வகுத்தால் நாளுக்கு நாலு கிராம் சொச்சம். இருபது கிராம் துவரம்பருப்பு அதை ஈடுகட்டிவிடும்.

அதாவது எங்களை மாதிரி வீட்டில் கறியை விட்டதால் போனது ரொம்பக் கொஞ்சம். கறி இருந்த பதினொரு மாசமும் பற்றாக்குறை அப்படியேதான் இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழம்பு அதை மறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழம்பிலும் அம்மா தட்டுக்கு வந்தது கழுத்துத் துண்டும் சாறும்தான்.

சட்டியில் இருந்து தட்டுக்கு

அடுத்து அம்மாவின் ஒரு நாளைத் தராசில் போட்டேன். அம்மாவின் எடை 50 கிலோ. கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது 2020இல் ஐ.சி.எம்.ஆர் சொன்ன அளவு. அது தரமான புரதத்துக்கு. அரிசியே பிரதானம் என்றால் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆக 50 கிராம் வேணும்.

காலையில் மூணு இட்லி, உளுந்தும் அரிசியும் சேர்த்து ஆறரை கிராம். மதியச் சோற்றில் ஒன்பதரை, ராத்திரி ரசஞ்சோற்றில் ஆறு. காபிப் பாலும் தயிரும் சேர்ந்து எட்டு. காய், சட்னி என்று மூணு. பாக்கி சாம்பார். நாலு பேருக்கு 100 கிராம் பருப்பு போடுகிறோம், ஆளுக்கு 25 கிராம் வரணும். ஆனால் அம்மா கடைசியில் சாப்பிடுகிறவர். அப்பாவுக்கும் எங்களுக்கும் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றுவார். யாராவது வந்துவிட்டால் ஒரு சொம்பு தண்ணீரும் சேரும். ஒரு நாள் அம்மா தட்டுக்குப் போக வேண்டிய சாம்பாரை வடிகட்டிப் பார்த்தேன். வெந்த பருப்பு ரெண்டு ஸ்பூனுக்கு மேல் தேறவில்லை. வேகாத எடையில் பத்து கிராம் இருந்தால் அதிகம், புரதம் ரெண்டு கிராம். எல்லாம் கூட்டினால் 35.

வழிகாட்டியோடு என் சண்டை இங்கேதான். அது போடும் தட்டு ஒரு ஆளுக்கானது. வீட்டில் சமைப்பதோ நாலு பேருக்குச் சேர்த்து, ஒரே சட்டியில். 85 கிராம் என்று வேகாத பருப்பின் எடையைச் சொல்கிறார்கள். அது சட்டியில் இருந்து எத்தனை கரண்டியாக, யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் போகிறது என்பதில்தான் அம்மாவின் 15 கிராம் காணாமல் போயிருக்கிறது.

இன்னொரு கணக்கும் இடிக்கிறது. நாலு பேர் இருக்கிற ரேஷன் கார்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி, 2011இல் இருந்து இலவசம். துவரம்பருப்பு 1 கிலோ, 30 ரூபாய்க்கு. பருப்பு 2007இல் சேர்க்கப்பட்டது பெரிய விஷயம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வழிகாட்டி கேட்பது 3:1, ரேஷன் கடை தருவது 20:1. ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் பருப்பு. மீதியை வெளிச்சந்தை விலைக்கு வாங்கணும்.

சத்துணவில் முட்டை வந்ததன் அருமை இப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிகிறது. 1989இல் ரெண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து இப்போது வாரம் அஞ்சு. முட்டையில் தண்ணி ஊத்திப் பெருக்க முடியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு முட்டை, ஆறேழு கிராம் புரதம், முடிந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். அதில் புரதம் ஒரு கிராம்தான். அந்த இடத்தில் ஒரு கை சுண்டலோ கடலை உருண்டையோ இருந்தால் நியாயமாக இருக்கும்.

பழைய சண்டை ஒன்று

"புரதம் புரதம்னு பயப்படாதே, வயிறு நிறைஞ்சா அது தானா வரும்" என்று சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு வரலாறு இருக்கிறது. 1960களில் உலகம் முழுக்கப் 'புரதப் பஞ்சம்' என்று பேசினார்கள். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அப்போது ஹைதராபாத் நிறுவனத்தில் இருந்தார். ஏழைக் குழந்தைகளுக்கு முதல் குறை மொத்தச் சாப்பாடுதான், அதே தானியமும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் வந்துவிடும் என்று அவரும் சகாக்களும் வாதிட்டார்கள். 1974இல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் அந்தப் பஞ்சப் பேச்சையே ஒரு பெரிய கோளாறு என்று எழுதினார்.

அன்றைக்கு அது சரி. அவர்கள் பேசியது பசித்த குழந்தையைப் பற்றி. என் அம்மாவுக்குப் பசி இல்லை, வயிறு சோற்றால் நிறைந்துவிடுகிறது. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குத் தசை கரையாமல் இருக்க இன்னும் கொஞ்சம் கூடுதலாக, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேணும் என்று ஐரோப்பிய முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் பத்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும்.)

நாங்கள் செய்தது

பவுடர் வாங்கவில்லை. 15 கிராமுக்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு கை வறுத்த நிலக்கடலை, 30 கிராம், அதில் ஏழு. ஒரு கிண்ணம் சுண்டல், கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ கொள்ளோ, காய்ந்த எடையில் 35 கிராம், அதில் இன்னொரு ஏழு. இரண்டுமே தனித்தனியாக எண்ணித் தரக்கூடியவை, சாம்பார் மாதிரி நீர்த்துப்போகாது. விரத சனிக்கிழமையில் அம்மா ஒரு வேளைதான் சோறு சாப்பிடுவார். அன்றைக்கும் சுண்டல் விரதத்துக்கு ஆகும்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சுண்டல், முதல் கிண்ணம் அம்மாவுக்கு என்று வீட்டில் பேசி வைத்தோம். முதல் வாரம் அதையும் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பாதி கொடுத்துவிட்டார். "அவளும் விரதம்டா" என்றார். அதனால் இப்போது ஊறப்போடுவது ரெண்டு கிண்ணத்துக்கு.

உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் தட்டில் எவ்வளவு பருப்பு விழுகிறது என்று ஒரு நாள் பாருங்கள். தராசு வேண்டாம், ஸ்பூன் போதும்.