நடுவர் இல்லாத மன்றம்

இஷாத் தொழுகை முடித்து, உணவருந்தி அமரும் வேளையில், நம் இல்லங்கள் பலவற்றில் இன்று ஒலிப்பது செய்தித் தொலைக்காட்சியின் விவாதமே. செய்தியைக் காட்டிலும் அதனை நடத்துபவரின் குரலே மக்களை ஈர்க்கின்றது. இவ்வீர்ப்பை வெறும் மடமையென்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. அதற்குத் தக்க காரணம் உண்டு.

திருச்செங்கோட்டில் விசைத்தறி ஓட்டும் ஒருவர், மனுவை நீட்டிவிட்டு அரசு அலுவலக வாயிலில் கைகட்டி நிற்கின்றார். கேள்வி கேட்கும் உரிமை தமக்கும் உண்டென்பதையே அங்கே அவர் மறந்துவிடுகின்றார். அன்றிரவு, அமைச்சரையும் கட்சித் தலைவரையும் எதிரே இருத்தி ஒருவர் மடக்கிக் கேட்கும்போது, தம் நாவே அங்குப் பேசுவதாக அவர் மகிழ்கின்றார். தந்தி தொலைக்காட்சியின் ‘கேள்விக்கென்ன பதில்’ நிகழ்ச்சி வாயிலாக ரங்கராஜ் பாண்டே பெற்ற புகழுக்கு அடிப்படை இதுவே எனலாம். நழுவும் விடையை நழுவவிடாது பற்றும் திறன் அவரிடம் இருந்தது. அவர்தம் கருத்துகளை ஏற்காதோரும் இதனை மறுக்கமாட்டார்.

2018 டிசம்பரில் அவர் அந்நிறுவனத்தினின்றும் விலகினார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘நேர்கொண்ட பார்வை’ திரைப்படத்தில் அவர் ஏற்ற வேடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். இத்தகைய நிகழ்ச்சிகளின் இயல்பை அவ்வேடமே நமக்கு விளக்கிவிடுகின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. திரைப்படத்து வழக்கறிஞருக்கு மேலே ஒரு நீதிபதி அமர்ந்திருந்தார். தொலைக்காட்சி அரங்கிலோ வழக்குரைப்பவரே தீர்ப்பும் வழங்கிவிடுகின்றார். நம் பட்டிமன்ற மரபில் இரு தரப்பையும் கேட்ட பின்னரே நடுவர் முடிவு கூறுவார். இங்கோ முடிவு முன்னரே எழுதப்பட்டு, அதற்கு அணிசெய்யவே பேச்சாளர்கள் அழைக்கப்படுகின்றனர்.

இம்முறை முற்றிய நிலையை அர்ணாப் கோஸ்வாமியிடம் காண்கின்றோம். 2006-இல் டைம்ஸ் நவ் வாயிலாகவும், 2017 முதல் தாம் தொடங்கிய ரிபப்ளிக் வாயிலாகவும், தம் சினத்தை நாட்டின் சினமென்று அறிவித்தே அவர் புகழ் பெற்றார். 2020-இல் நடிகர் சுசாந்த் சிங் ராஜ்புத் மறைந்தபோது இவ்விரு அலைவரிசைகளும் நடத்திய ‘விசாரணையை’ 2021 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் கண்டித்தது.

அதே 2020-இல் நிஜாமுத்தீன் மர்க்கஸை முன்னிட்டு, நோய்த்தொற்றுச் செய்தியைப் பல அலைவரிசைகள் ஒரு சமுதாயத்தின் மீதான குற்றப்பத்திரிகையாகவே ஆக்கின. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று, பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்த 29 வெளிநாட்டவர் மீதான வழக்கை ரத்துச் செய்து, ஊடகங்களின் பிரசாரத்தையும் சுட்டிக் காட்டிற்று. கூச்சலைக் கேட்டோரில் எத்தனை பேர் அத்தீர்ப்பைப் படித்திருப்பர்?

உண்மை வெளிப்படும் விதத்தைத் திருச்செங்கோடே நமக்குக் காட்டியிருக்கின்றது. 2015 ஜூன் 23 அன்று இவ்வூர் மலைக்கோயிலிலிருந்து கோகுல்ராஜ் என்னும் இளைஞர் கடத்திக் கொல்லப்பட்டார். தலைமறைவாயிருந்த முதன்மைக் குற்றவாளி தொலைக்காட்சியில் தோன்றித் தம் கட்சியை வீறுடன் உரைத்தார். வழக்கிலோ முக்கியச் சாட்சியே பிறழ்ந்தார். ஆயினும் 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் தண்டனை வழங்கிற்று. 2023-இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதற்குப் பெருந்துணையாய் நின்றது, கோயில் கண்காணிப்புக் காமிராவின் பதிவு. உரத்த பேச்சு அங்கே உதவவில்லை. ஏழாண்டுப் பொறுமையும் சான்றுமே உதவின.

“நமக்கும் இப்படி ஓங்கிப் பேச ஒருவர் வேண்டும்” என்னும் ஏக்கம் இன்று நம் இளைஞரிடையே வளர்கின்றது. அவர்தம் வேதனை நமக்குப் புரிகின்றது. ஆனால் லுக்மான் (அலை) தம் மகனுக்குக் குரலைத் தாழ்த்துமாறு கூறிய அறிவுரையும், கொண்டுவரப்பட்ட செய்தியைத் தீர விசாரிக்குமாறு ‘அல் ஹுஜுராத்’ அத்தியாயம் இடும் கட்டளையும் பிறருக்கு மட்டும் உரியனவல்ல. நமக்கு வேண்டுவது துணிந்து கேட்பவர். கேட்டபின் விடையைச் செவிமடுப்பவர்.

ஆகவே, பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். விவாதம் முடிந்ததும் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: குற்றம் சாட்டப்பட்டவர் தம் விடையை முழுமையாகக் கூற முடிந்ததா? புதிதாக எந்த உண்மையை நாம் அறிந்தோம்? இரண்டுக்கும் விடை இல்லையெனில், மறுநாள் அந்த நேரத்தை வேறொரு நற்பணிக்கு அளிக்கலாம்.