முதல் பேப்பர்

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், மிச்சமிருக்கும் உயிரில் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். 1978-ல் ஹவாயில் பதினைந்து பேர் ஆரம்பித்துவைத்த இந்த 'அயர்ன்மேன்' பைத்தியக்காரத்தனத்தை, 2015-ல் மிலிந்த் சோமன் ஐம்பதை நெருங்கும் வயதில் ஜூரிக்கில் முடித்தார். அவர் மன உறுதியைப் புகழ்ந்தோம், சரி. நீந்தவிட்ட ஏரியை யார் புகழ்ந்தார்கள்?

திருப்பூர்க்காரர் ஒருவர் சீசன் ஆரம்பத்தில் பயிற்சிக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியனுக்குப் பஞ்சமில்லை. சைக்கிளுக்கு அவிநாசி ரோடு இருக்கிறது, லாரிகளோடு. நீச்சலுக்கு? நொய்யலா? பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொல்லவேண்டி வந்தது. அப்புறம் சுத்திகரிப்பு எத்தனையோ வந்துவிட்டது. இருந்தும், குதித்துப் பாருங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

டிரையத்லான் வீரருக்கு மட்டுமல்ல, ஊருக்கும் பரீட்சை. முதல் பேப்பரிலேயே நாம் ஃபெயில், ஸார்!