மூன்று 'பிறகு'

கவிதையை வாசிப்பதுபோல் சட்டத்தையும் சொல் சொல்லாக வாசிக்க வேண்டும் என்று மாணவிகளிடம் சொல்வேன். 2023 செப்டம்பரில் நிறைவேறிய 106-வது அரசியலமைப்புத் திருத்தம் அதற்கு நல்ல பாடம். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றது அது. மக்களவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் இருவர்தான்.

கொண்டாடும் முன் அதன் 334அ பிரிவை வாசியுங்கள். சட்டம் தொடங்கிய பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன் விவரங்கள் வெளியான பிறகு தொகுதி மறுவரையறை, அது முடிந்த பிறகே இடஒதுக்கீடு. ஒரே வாக்கியத்தில் மூன்று 'பிறகு'. ஒதுக்கீட்டின் ஆயுளோ சட்டம் தொடங்கும் நாளிலிருந்து 15 ஆண்டுகள். நாம் காத்திருக்கும் ஆண்டுகளும் அந்தக் கணக்கிலேயே கழிகின்றன. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்போ 2027-க்குத் தள்ளிப்போனது.

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழ்நாடு மறுவரையறையில் இடம் இழக்கக் கூடாது என்ற அச்சம் நியாயமானது. அந்த வழக்கு முடியும்வரை பெண்கள் ஏன் வாசலில் நிற்க வேண்டும்? இன்றுள்ள 39 மக்களவைத் தொகுதிகளில் 13-ஐப் பெண்களுக்கு ஒதுக்க, ஓர் எல்லைக்கோட்டையும் நகர்த்த வேண்டியதில்லை.

இந்தக் காத்திருப்பு திருவண்ணாமலைக்குப் புதிதல்ல. 2016-இல் தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2011 கணக்கெடுப்பின்படி வார்டுகளைப் பிரிக்கும் வேலை தொடங்கியது. எங்கள் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, நகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். அதுவரை நிர்வாகம் தனி அலுவலர்கள் கையில். பாதி இடம் ஏட்டில் இருந்தது, உட்கார நாற்காலி இல்லை.

இழப்பு அரசியல் ஆசை கொண்ட சில பெண்களுக்கு மட்டுமல்ல. 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடமுண்டு. கழிப்பறைக்குக் கதவு இல்லை என்று ஒரு தாய் குழுவில் சொன்னால், அதை நகர்மன்றத்துக்கு எடுத்துப்போக வேண்டியவர் அவர்தான். நகராட்சியில் அந்த இடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காலியாக இருந்தது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த சிறுமி அதற்குள் பத்தாம் வகுப்பை முடித்திருப்பாள்.

2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. 2025 ஜனவரியில் ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் அடுத்த தேர்தல் நடக்காமலே முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

ஊர் வளரும்போது எல்லையை மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த வேலைக்கு முடிவு நாள் குறியுங்கள். அதற்குள் முடியாவிட்டால் பழைய எல்லையிலேயே, பெண்களின் இடங்களோடு, தேர்தலை நடத்துங்கள். 'தம்பி படிப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் 'பிறகு' எங்கே முடியும் என்று நமக்குத் தெரியும்.