பாத்திரமும் போதியும்: ஜொகூரிலிருந்து தமிழ்ப் பௌத்த ஆய்வுகளைப் படிக்கும்போது

மலேசியாவில் பௌத்தம் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது சீனர் கோயிலும் ஊதுபத்திப் புகையும்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 18.7 விழுக்காட்டினர் பௌத்தர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர். விசாக தினம் நமக்கும் பொது விடுமுறை, அவ்வளவோடு சரி. இந்தப் பழக்கத்தில் பெரிய விஷயம் ஒன்று நம் கையைவிட்டுப் போயிற்று. போதி மரத்தடியில் புத்தர் எதைக் கண்டார், அதை மற்றவர்கள் எப்படி அடைவது என்ற கேள்விக்குத் தேரவாத உலகம் இன்று சொல்லும் விடையில் கணிசமான பங்கு, காஞ்சியிலும் காவிரிக் கரையிலும் வாழ்ந்த துறவிகள் எழுதியது.

ஜொகூரின் கோத்தா திங்கியில் சாந்திசுகாராமம் என்றொரு தியான மடம் உண்டு. மலேசியத் துறவியான சுஜீவர் அங்கே விபாசனா தியானம் கற்பித்தார். அவர் கற்பித்தது பர்மாவின் மஹாசி சயாடோ (1904–1982) வகுத்த முறை. உட்கார்ந்திருக்கும்போது வயிறு எழுவதையும் தாழ்வதையும் மனம் குறித்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலித்தால் காலை மாற்றிப் போடத் துடிக்காமல் ‘வலி, வலி’ என்று அந்த வலியையே பார்க்க வேண்டும். நடக்கும்போது பாதம் தூக்குவது, நகர்வது, பதிவது ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நாள் முழுதும் இப்படியே. பிறகு ஆசிரியரிடம் போய், கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். கேட்பவர் அதை வைத்துப் பயிற்சியாளர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கணிக்கிறார். அந்தப் படிகளின் வரைபடம் பெரும்பகுதி விசுத்திமக்கம் என்ற பாலி நூலிலிருந்து வந்தது.

விசுத்திமக்கத்தைப் புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் எழுதினார். அவர் பெயரில் உள்ள உரைநூல்களின் முடிவுரைகள் காஞ்சிபுரத்தில் அவர் தங்கியதைக் குறிக்கின்றன. விசுத்திமக்கத்துக்கு விரிவுரை எழுதிய தம்மபாலர் தென்னிந்தியக் கடற்கரையில் பதரதித்தம் என்ற இடத்து விகாரையைச் சேர்ந்தவர். உறையூர் என்று கருதப்படும் உரகபுரத்துப் புத்ததத்தர் தம் அபிதம்மாவதாரத்தைக் காவிரிப்பட்டினத்து விகாரையில் இருந்து எழுதினார். பர்மாவில் இன்றும் பாலபாடமாகக் கற்கும் அபிதம்மத்த சங்கஹத்தின் ஆசிரியர் அநுருத்தரையும் காஞ்சி நாட்டவர் என்றே பலர் கருதுகிறார்கள். கோத்தா திங்கியில் கண்மூடி அமர்கிறவருக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மரபில் ஞானம் எத்தனை கறாரான விஷயம் என்பதைப் பார்க்க, விசுத்திமக்கத்தின் 20ஆம் அத்தியாயம் போதும். தியானம் முதிரும்போது ஒளி தோன்றும், உடல் சிலிர்க்கும், அமைதியும் இன்பமும் பெருகும். இவை உட்படப் பத்தை அந்த நூல் விபாசனையின் மாசுகள் என்று பட்டியலிடுகிறது. ஒளியைக் கண்டவன் வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடுவான் என்பதே அதன் கவலை. அதற்கு ஒரு கதையும் சொல்கிறது. இலங்கையில் மகாநாகர் என்ற முதிய தேரர், தாம் முழு விடுதலை பெற்ற அருகர் நிலையை அடைந்து அறுபது ஆண்டு ஆயிற்று என்று நம்பியிருந்தார். அவருடைய மாணவர் தம்மதின்னர் உண்மையிலேயே அருகர். ஆசிரியரின் நிலை அவருக்குப் புரிந்தது. இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மனோசக்தியால் ஒரு யானையைப் படைக்கும்படி ஆசிரியரைக் கேட்டார். யானை வந்தது. காதை விறைத்து, வாலை நீட்டி, துதிக்கையை வாயில் வைத்துப் பிளிறிக்கொண்டு அது உங்களை நோக்கி ஓடிவரட்டும் என்றார். அப்படியே ஓடிவந்தது. தாமே படைத்த யானையைக் கண்டு மகாநாகர் பதறி எழுந்து ஓடப் பார்த்தார். மாணவர் அவருடைய சீவர ஓரத்தைப் பிடித்து நிறுத்தி, அருகருக்கு அச்சம் உண்டா என்று கேட்டார். அறுபது ஆண்டு நம்பிக்கை அந்த ஒரு கேள்வியில் சரிந்தது. முதியவர் மாணவரின் காலடியில் அமர்ந்து, துணை நிற்கும்படி கேட்டார்; அதன்பின் உண்மையாகவே அடைந்தார். குரு சீடர் உறவைப் பற்றி இதைவிட அன்பான கதையை நான் படித்ததில்லை.

ஆக, இங்கே ஞானம் என்பது அனுபவத்தின் பெயர் இல்லை, தளைகள் அறுவது. பத்துத் தளைகளில் ‘நான்’ என்ற பார்வை, ஐயம், சடங்கே கதி என்ற பிடிப்பு ஆகிய மூன்றும் அறுந்தால் முதல் படி. மீதியும் அறுந்தால் அருகர். ஜொகூரின் சீனப் பௌத்தர்களிடம் பொதுவாக வழங்குவது மகாயானம். அங்கே இலக்கு வேறு. எல்லா உயிருக்காகவும் புத்த நிலையை வேண்டும் போதிசத்துவ உறுதி அது.

பாலியில் எழுதிய துறவிகளை விட்டுத் தமிழில் மணிமேகலைக் காப்பியம் எழுதிய சாத்தனாரிடம் வந்தால் கேள்வியே திரும்பிக்கொள்கிறது. மணிமேகலைக்கு முதலில் கிடைப்பது தத்துவம் இல்லை, அள்ள அள்ளக் குறையாத பாத்திரமான அமுதசுரபி. ஆதிரை இட்ட பிச்சையில் அது நிறைகிறது, காயசண்டிகையின் யானைத்தீ என்ற தீராப் பசிநோய் தணிகிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. பிறகுதான் வஞ்சியில் பல சமயத்தார் சொல்வதைக் கேட்கிறாள். பஞ்சத்தில் வாடும் காஞ்சிக்கு வந்து சோறிட்ட பின்னரே அறவண அடிகளிடம் தருக்க அளவையும், பேதைமை தொடங்கி வினைப்பயன் வரை செல்லும் பன்னிரு சார்புகளும் கற்கிறாள். 30ஆம் காதை அவள் நோன்பு தொடங்குவதோடு முடிகிறது. அடைந்தாள் என்று சாத்தனார் சொல்லவே இல்லை.

உ.வே.சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த பிறகு நடந்த ஆய்வில் பெரும்பங்கு காலத்தைப் பற்றியது. எஸ்.கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் எழுதிய நூலும், அதைச் சுற்றிய வாதங்களும், 29ஆம் காதையின் அளவை பௌத்தத் தருக்க ஆசிரியர் திங்நாகருக்கு முன்னா பின்னா என்பதிலேயே சுழன்றன. மயிலை சீனி.வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ (1940) மறைந்த நூல்களையும் ஊர்களையும் தேடித் தொகுத்தது. இன்றும் தொடக்கநிலை வாசகருக்கு அதையே நான் கொடுப்பேன். சோ.ந.கந்தசாமி 1978இல் காப்பியத்தின் தத்துவத்தை ஒழுங்காக விளக்கினார். ஆன் மோனியஸ் 2001இல் வெளியிட்ட நூல் மணிமேகலையையும் வீரசோழியம் என்ற இலக்கண நூலையும் சேர்த்துப் படித்து, தமிழ்ப் பௌத்தர் யார், அவர்கள் உலகம் எது வரை விரிந்தது என்று கேட்டது. அங்கேதான் நம் பக்கத்துக் கடல் வருகிறது. மணிமேகலைக்கு முன் அமுதசுரபியை வைத்திருந்த ஆபுத்திரன் மறுபிறப்பில் புண்ணியராசனாக ஆள்வது கடல் கடந்த சாவகத்து நாகபுரத்தில்.

அந்தக் கடல்வழி பின்னாளில் கல்லிலும் செம்பிலும் ஏறியது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையை ஸ்ரீவிஜய அரசர் எழுப்ப, 1006 வாக்கில் முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. நாகப்பட்டினத்து மண்ணில் 1856 முதல் சுமார் 350 செப்புப் படிமங்கள் கிடைத்தன. பல புத்தர் படிமங்களின் தலையுச்சியில் தீச்சுடர் எரிகிறது. ஞானத்தைச் சிற்பி காட்டிய விதம் அது. சூடாமணி விகாரை எழுந்த அதே தலைமுறையில், வங்கத்து அதீசர் சுவர்ணத்தீவில் (சுமத்ரா) தர்மகீர்த்தியிடம் 12 ஆண்டு தங்கிப் போதிசித்தம் என்ற அந்தப் போதிசத்துவ உறுதியைக் கற்றதாகத் திபெத்திய மரபு கூறுகிறது. 1025இல் இராசேந்திரனின் படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் ராஜா சூரான் ஜொகூர் ஆற்று மேற்பகுதியில் கெலாங்கியின் கருங்கல் கோட்டையை வெல்லும் கதை அந்தப் படையெடுப்பின் நினைவாக இருக்கலாம். 2005இல் அந்த நகரம் ஜொகூர்க் காட்டில் இருக்கிறது என்ற செய்தி பரபரப்பானது. அரசு ஆய்வாளர்கள் தேடியும் தடயம் இல்லை என்று 2006இல் அறிவிக்கப்பட்டது. தமிழர் சிலர் இன்னும் அந்தக் கோட்டையைப் பற்றியே பேசுகிறார்கள். வெற்றியின் சுவடு தேடுகிற அக்கறையில் பாதியாவது அந்தக் கடலைக் கடந்த சிந்தனையின் மேல் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

ஞானம் தனக்கா, சமூகத்துக்கா என்ற வழக்கு நவீன காலத்தில் இன்னும் கூர்மையாகிறது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசர், 1907 முதல் நடத்திய ‘தமிழன்’ இதழில் புத்தரைச் சாதியற்ற தமிழ் வாழ்வின் ஆசானாக எழுதினார். ஞான.அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்ததும் இத்துறையின் திசையே மாறியது. 1957இல் வெளிவந்த அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ தொடக்கத்திலேயே கேட்கிறது: பிக்கு என்பவர் தன்னளவில் நிறைவு பெற்ற மனிதரா, சமூகத்தின் தொண்டரா? தோட்டத்துச் சாதிக் கொடுமைகளை அறிந்த மலேசியத் தமிழருக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை.

அம்பேத்கர் இந்த இரண்டில் தொண்டரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். தியான நிலையங்கள் பெரும்பாலும் மற்றதைத் தேர்ந்தெடுக்கின்றன. சாத்தனாரைப் படித்த என்னால் எந்தப் பக்கமும் முழுதாகச் சேர முடியவில்லை. பசித்தவருக்கு இட்ட சோறு, ‘நான்’ என்ற பிடி தளர்வதற்கான பயிற்சியாகவே காப்பியத்தில் நிகழ்கிறது. பன்னிரு சார்பின் பாடம் அந்தச் சோற்றுக்குப் பிறகே வருகிறது. விசுத்திமக்கத்தின் படிகளோடு இந்த வரிசையை வைத்துப் பார்த்த விரிவான ஆய்வு எதையும் நான் படித்ததில்லை. பாலி அறிந்தவர் தமிழ்க் காப்பியத்தைத் தொடுவதில்லை, தமிழ் அறிந்தவர் தம்மபாலரைத் தொடுவதில்லை. 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் ஒரு மாணவர் இரண்டு மொழியையும் கற்று, விடுமுறையில் கோத்தா திங்கிக்குப் போய் ஒரு மாதம் அமர்ந்துவிட்டு எழுதினால், இந்தத் துறைக்குக் கிடைக்கும் ஆய்வேடு காஞ்சியிலும் கொழும்பிலும் எழுத முடியாததாக இருக்கும்.