ரெண்டுமே ஆறுதானே சார்?

பள்ளிக்கூடத்தில் 6/8 என்று விடை எழுதினால் கணக்கு வாத்தியார் விடமாட்டார். 'சுருக்கி எழுதுடா' என்பார். மேலேயும் கீழேயும் இரண்டால் வகுத்தால் 3/4. முழு மார்க். இதே வேலையை இசையில் செய்தால் பாட்டு படுத்துவிடும்.

படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஓர் ஆடிக் கிருத்திகை, செஞ்சிப் பக்கம் ஒரு முருகன் கோயில். மேடையில் லைட் மியூசிக். காவடிச் சிந்து மெட்டில் ஒரு பாட்டை எடுத்தார்கள். கீபோர்டுக்காரர் ரிதம் பட்டனை அமுக்க, 'டும்... சக்... சக்...' என்று வந்தது. வெள்ளைக்காரர்கள் ஜோடி ஜோடியாக ஆடுகிற வால்ட்ஸ்! காவடி எடுத்து வந்தவர்கள் நாலு அடி வைத்துப் பார்த்தார்கள். கால் பின்னியது. நின்றுவிட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் கீபோர்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். 'த்ரீ ஃபோர், சிக்ஸ் எய்ட்... ரெண்டுமே ஆறுதானே சார்?' என்றார். நல்ல பையன். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் சொன்ன எண்ணிக்கை சரிதான். 3/4-ல் மூன்று தட்டு. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்தால் ஆறு: தக தக தக. 6/8-லும் ஆறு, ஆனால் இரண்டு கட்டாக: தகிட தகிட. முதலாவதில் அழுத்தம் 1, 3, 5-ல் விழும். இரண்டாவதில் 1, 4-ல். அன்றைக்குப் பாட்டு ஒரு பக்கம் இழுத்தது, மெஷின் இன்னொரு பக்கம்.

நம்பிக்கை இல்லையா? செஞ்சிக்கு வந்து ராஜகிரி மலைப் படியில் ஏறிப் பாருங்கள். முதல் அடி இடது காலாக இருக்கட்டும். 'ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு' என்று எண்ணி, 'ஒண்ணு' வரும்போது அழுத்தி வையுங்கள். மூன்று தடவையும் இடது கால்தான். இப்போது 'ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு.' முதல் அழுத்தம் இடது காலில், அடுத்தது வலது காலில். உடம்பு தானாக இரண்டு பக்கமும் சாயும். தோளில் காவடி இருந்தால் அதுவும் சாயும். அதே ஆறு படிதான்!

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துகளில் இந்தத் திஸ்ர நடை ஆட்டம் போடும். கச்சேரியிலும் இதே கதை உண்டு. ரூபக தாளத்துக்கு ஆறு அட்சரம். நாலு நாலாகப் பிரித்தால் 24. ஆதி தாளத்துக்கு எட்டு. திஸ்ர நடையில் மூன்று மூன்றாகப் பிரித்தால் அதுவும் 24. அதற்காக ரூபகத்தில் உள்ள 'சபாபதிக்கு' கீர்த்தனையை ஆதி தாளம் போட்டுக் கேட்பீர்களா? பக்கத்து சீட் மாமி எழுந்து போய்விடுவார்.

நான் பி.காம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று நம்பாதே என்பது எங்களுக்கு ஆரம்பப் பாடம். ஆபீசுக்கு மேஜை வாங்கிய பணத்தை ரிப்பேர் செலவில் எழுதினாலும் டேலி ஆகும். கூட்டுத்தொகை சரி, எழுதின இடம் தப்பு. தாளத்திலும் அதேதான். நம் ஊர் மியூசிக் கிளாஸ்களில் பிள்ளைகளை விரல்விட்டு எண்ண வைக்கிறார்கள். எந்த விரலில் கனம் விழுகிறது என்று எத்தனை பேர் சொல்லித் தருகிறார்கள்?

இரண்டையும் கலக்கவே கூடாது என்று சொல்லவில்லை. 1957-ல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசை நாடகத்தில், 'அமெரிக்கா' என்ற பாட்டுக்கு லியனார்ட் பெர்ன்ஸ்டைன் 6/8-ஐயும் 3/4-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டார். கேட்டால் கால் சும்மா இருக்காது. அவர் தெரிந்து செய்தார். தெரியாமல் செய்தால் காவடி நின்றுவிடும்.

அன்றைக்கு நின்ற காவடி என்ன ஆயிற்று என்கிறீர்களா? மேடையில் இடம் கிடைக்காமல் கீழே உட்கார்ந்திருந்த பம்பைக்காரப் பெரியவர் எழுந்தார். குச்சியை எடுத்து நாலே அடி. காவடிகள் கிளம்பிவிட்டன. அவரிடம் போய், 'ஐயா, இது சிக்ஸ் எய்ட்தானே?' என்றேன், மேதாவி மாதிரி.

"ஆறு, எட்டெல்லாம் தெரியாதுங்க. அவங்க கால் எங்க விழுதோ, அங்க அடிக்கிறேன்" என்றார்.