அழிவு ஆசிரியனாகுமா? உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

“பட்டால்தான் புத்தி வரும்” என்பது நம் ஊர்ப் பழமொழி. தனி மனிதரைக் குறித்து எழுந்த இம்மொழி இன்று நாடுகளைக் குறித்தும் வழங்கப்படுகிறது. ஒரு நாடு படுகுழியின் அடியைத் தொட்டாலன்றி அதற்கு மறுமலர்ச்சி இல்லை; ஆதலால் சிறு திருத்தங்களால் பயனில்லை; கெடுவது முற்றும் கெடட்டும், பின்னர்ப் புதியது பிறக்கும் என்று கற்றோரும் கூறக் கேட்கிறோம். அரசியல் மேடைகளில் வழங்கும் இக்கருத்தை நம் பிரசங்க பீடங்கள் ‘எழுப்புதல்’ என்னும் சொல்லால் போர்த்து வழங்குகின்றன. இக்கூற்று உண்மையாயின் ஆயர்களாகிய நாம் செய்யத்தக்கது காத்திருத்தல் ஒன்றே. பொய்யாயின் நாம் சபைக்குக் கற்பிப்பது சோம்பலை. அதனினும் கொடிதாக, பிறர் துன்பத்தைக் கண்டு அமைதி கொள்ளும் மனநிலையை. எனவே இதனை ஆராய்வது வெறும் ஏட்டுப் பயிற்சியன்று.

1. கூற்றின் வலிமை

ஒரு கருத்தை மறுக்கப் புகுமுன் அதன் வலிமையை ஒப்புக்கொள்வது நேர்மை. 1975 ஜூன் திங்களில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின் கொடுமைகளை இந்தியா அனுபவித்த பின்னரே, 1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்னும் நெகிழ்ந்த காரணம் நீக்கப்பட்டு ‘ஆயுதமேந்திய கிளர்ச்சி’ என்பது அவ்விடத்தில் வைக்கப்பட்டது. உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் உரிய காப்பை நெருக்கடிக் காலத்திலும் நிறுத்தலாகாது என விதிக்கப்பட்டது. 1991இல் அயல்நாட்டுச் செலாவணி வற்றி, நாட்டின் தங்கத்தை அடகு வைக்கும் நிலை வந்த பின்னரே பொருளாதாரக் கொள்கை மாறியது. 1945இல் இடிபாடுகளாய்க் கிடந்த ஜெர்மனியின் மேற்குப் பகுதி, 1949இல் மனித மாண்பை முதல் விதியாகக் கொண்ட அடிப்படைச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. இவை மறுக்க இயலாதவை.

ஆயின் அதே ஜெர்மனி அதற்கு முன்னரும் ஒருமுறை வீழ்ந்தது. 1918இல் தோல்வி, பசி, அவமானம் ஆகிய அனைத்தும் அந்நாட்டைச் சூழ்ந்தன. அவ்வீழ்ச்சியிலிருந்து பிறந்தது மனந்திரும்புதல் அன்று. நாம் போர்க்களத்தில் தோற்கவில்லை, நமக்குள் இருந்தவர்களே நம்மைக் காட்டிக் கொடுத்தனர் என்னும் பொய் பிறந்தது. 1933இல் அப்பொய் அரியணை ஏறியது. இரு வீழ்ச்சிகளுக்கும் பின் விளைந்தவை வேறானதேன்? 1945க்குப் பின்னர் நூரெம்பர்க்கில் வழக்கு நடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜெர்மானிய நற்செய்தித் திருச்சபையின் தலைவர்கள் ஸ்டுட்கார்ட் நகரில் தங்கள் குற்றத்தை அறிக்கையிட்டனர். யூதரின் பெயரைச் சொல்லாத குறை அவ்வறிக்கைக்கு உண்டு. எனினும் பழியைப் பிறர்மேல் போடாமல் ‘நாம்’ என்று கூறத் துணிந்த ஆவணம் அது. அவ்வாறு கூறத்தக்க சிலர் அங்கு இருந்ததற்குக் காரணம், 1934இலேயே, வெற்றி முழக்கம் உச்சத்தில் இருந்தபோதே, பார்மன் நகரில் அவர்கள் கூடி மறுப்புரைத்திருந்தமையாம். ஆகவே வீழ்ச்சி இரு முறையும் வந்தது. கணக்கு ஒப்புவித்தல் ஒரு முறைதான் நிகழ்ந்தது. புதுப்பித்தலை விளைத்தது எது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

2. திருமறையின் சான்று

இக்கூற்றுக்கு ஆதாரமாக நியாயாதிபதிகள் ஆகமத்தைக் காட்டுவது வழக்கம். மக்கள் பாவஞ் செய்கின்றனர்; ஒடுக்கப்படுகின்றனர்; கூக்குரலிடுகின்றனர்; மீட்பர் ஒருவர் எழுகிறார். ஆயின் அந்நூலை முடிவுவரை படிப்போர் அவ்வட்டம் ஒவ்வொரு சுற்றிலும் கீழிறங்குவதைக் காண்பர். ஒத்னியேலில் தொடங்கும் வரிசை சிம்சோனின் தனிப்பட்ட பழிவாங்கலில் முடிகிறது. இறுதி அதிகாரங்களில் ஒரு பெண்ணின் சிதைக்கப்பட்ட உடலும் உள்நாட்டுப் போருமே எஞ்சுகின்றன. துன்பம் மக்களைத் திருத்திற்று என்பதன்று, துன்பம் மட்டும் திருத்தவில்லை என்பதே அந்நூலின் சான்று.

ஆமோஸ் நான்காம் அதிகாரம் இதனை இன்னும் வெளிப்படையாக உரைக்கிறது. பஞ்சம், மழையின்மை, பயிர்நோய், கொள்ளைநோயும் வாளும், நகரங்களின் கவிழ்ப்பு என அடிகளை வரிசைப்படுத்தும் தீர்க்கதரிசி, ஒவ்வொன்றின் முடிவிலும் மக்கள் திரும்பவில்லை என்னும் ஒரே துயரத்தை ஐந்து முறை கூறுகிறார். பாபிலோன் சிறையிருப்பு என்னும் பெருவீழ்ச்சிக்குப் பின்னும் நிலை இதுவே. திரும்பி வந்தோருள் செல்வர், தம் சொந்தச் சகோதரரின் வயல்களையும் பிள்ளைகளையும் கடனுக்கு ஈடாகப் பிடித்திருந்ததை நெகேமியா ஐந்தாம் அதிகாரம் காட்டுகிறது. அவர்களைத் திருத்தியது கடந்த காலத் துன்பத்தின் நினைவன்று; சபையைக் கூட்டி முகத்துக்கு முகம் கண்டித்து ஆணையிடுவித்த ஒருவரின் செயல். மறுபுறம், நினிவே வீழுமுன்னரே திரும்பிற்று. அதற்காகச் சினந்தவர் யோனா ஒருவரே. பிறர் அழிவைக் காணக் கூடாரமிட்டு அமர்ந்த அவரது நிலை நம் காலத்துக் காத்திருப்போர் பலருக்கும் பொருந்தும்.

யோசியாவின் சீர்திருத்தம் யூதாவைக் காக்கவில்லையே என ஒருவர் வினவக்கூடும். தக்க வினாவே. சீர்திருத்தம் அழிவை எப்போதும் தடுக்கும் என நாம் வாதிடவில்லை. ஆயின் எருசலேம் இடிந்த பின் மக்கள் தங்களோடு எடுத்துச் சென்றது, வீழ்ச்சிக்கு ஒரு தலைமுறை முன்பு தேவாலயத்தில் கண்டெடுத்து வாசிக்கப்பட்ட நியாயப்பிரமாணத்தை. படுகுழியில் விதை முளைக்கலாம். படுகுழி விதையைத் தருவதில்லை. அது முன்னரே கையில் இருத்தல் வேண்டும்.

3. யார் தொட்ட அடி?

நாடு முழுவதும் ஒரே நாளில் வீழ்வதில்லை. முதலில் வீழ்வோர் சிலர். அவர்கள் வீழ்ந்து நெடுநாள் சென்ற பின்னரே நாடு வீழ்ந்ததாக மற்றோர் அறிவிக்கின்றனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும் பஞ்சத்தில் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. நிவாரண வேலைக்கு வந்தோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என ரிச்சர்டு டெம்பிள் கணக்கிட்ட காலம் அது. அதனினும் தாழ்ந்த அடி இருக்கக்கூடுமா? அதன் பின்னர் 1880இல் பஞ்ச விசாரணைக் குழுவின் அறிக்கையும், தொடர்ந்து பஞ்ச நிவாரண விதிகளும் வந்தன. அது நன்றே. ஆயின் செங்கற்பட்டுச் சேரிகளில் வாழ்ந்தோரின் நிலவுரிமை அணுவளவும் மாறவில்லை. பஞ்சம் நீங்கியபின் மிராசுதாரர் மிராசுதாரராகவும் பண்ணையாள் பண்ணையாளாகவும் முன்போலவே எழுந்தனர்.

அசைவு வந்தது 1891இல். அம்மாவட்ட ஆட்சியராய் இருந்த டிரமென்ஹீர், குடியிருக்கும் மனையும் தமதல்லாத பறையரின் நிலையை, கடனடிமை முதலியவற்றோடு ஓர் அறிக்கையாக எழுதினார். அக்காலத்தில் இம்மாவட்டத்தில் பணியாற்றிய மிஷனரிமாரும் இவ்வினாவை எழுப்பி வந்தனர். 1892இல் தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கும் ஆணை பிறந்தது. பின்னாளில் பஞ்சமி நிலம் என வழங்கியது இதுவே. அந்நிலங்களுள் பல கைமாறிப் போயின. 1994 அக்டோபரில் மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அந்நிலத்தை மீட்கப் போராடியோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்தனர். பஞ்சம் அசைக்காததை ஓர் அறிக்கை சிறிதேனும் அசைத்தது. காவலின்றி விடப்பட்டபோது அதுவும் அரிக்கப்பட்டது. இரண்டும் நம் கவனத்திற்குரியவை.

அண்டை நாடும் இதையே கூறுகிறது. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். ஜூலையில் அதிபர் நாட்டை விட்டு ஓடினார். நாடு அடியைத் தொட்டது எனப் பலரும் எழுதினர். ஆயின் 2009 மே திங்களில் முள்ளிவாய்க்காலில் தமிழர் தொட்ட அடி எது? அன்று அது வெற்றி எனக் கொண்டாடப்பட்டது. 2022 மே 18 அன்று கொழும்பின் காலிமுகத் திடலில், போராடிய சிங்கள இளைஞர் சிலரும் கூடி முள்ளிவாய்க்கால் கஞ்சியை அருந்தி இறந்தோரை நினைவுகூர்ந்தனர். வரிசையில் நின்ற துன்பம் மட்டும் அக்கஞ்சியைக் காய்ச்சவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் தடைகளுக்கிடையே அந்நினைவைக் காத்தோர் அதனை அங்குக் கொண்டு வந்தனர்.

புலம்பல் ஆகமத்தில் அப்பம் கேட்கும் குழந்தைகளைக் காண்கிறோம். எருசலேமின் பாவங்களை அக்குழந்தைகள் செய்யவில்லை. ‘நாடு ஒருமுறை அடிபடட்டும்’ என்போர் அடிபடப்போவது யார் எனச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

4. கல்லில் எழுதிய திருத்தம்

அழிவுக்குக் காத்திராத சமூகம் உண்டா? நம் உத்திரமேரூரிலேயே சான்று இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள முதலாம் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக யாவரும் புகழ்கின்றனர். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவிலும் அவை நினைவுகூரப்பட்டன. நாம் இங்கு வற்புறுத்துவது அவை ஒன்றல்ல, இரண்டு என்பதை. முதலாவது 919ஆம் ஆண்டைச் சார்ந்தது. இரண்டாவது 921ஐச் சார்ந்தது. ஒரே சபை தான் இயற்றிய விதியை இரண்டே ஆண்டுகளில் திருத்தி எழுதியுள்ளது. முதல் ஆவணத்தில் 30 முதல் 60 வரையிருந்த வயது வரம்பு இரண்டாவதில் 35 முதல் 70 ஆயிற்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன் என உறவுகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு விலக்கப்பட்டன. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தோர்க்கும் இடமில்லை. 30 குடும்புகளின் ஓலைகள், சிறியோரும் பெரியோரும் கூடிய மகாசபையில் குடத்திலிடப்பட்டன. ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்கினான். விரல் மடங்கியிருந்தால் ஓலை மாறும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி இது.

சோழப் பேரரசு அப்போது வீழ்ச்சியில் இல்லை; பராந்தகன் மதுரையைக் கொண்டவன் எனப் புகழப்பட்ட காலம். ஊர் அழியவில்லை, ஏரி உடையவில்லை. தீயோர் கெட்டு நல்லோர் தழைக்க வேண்டும் என்பதே திருத்தத்தின் நோக்கமாக ஆவணம் கூறுகிறது. ஏரி வாரியம் ஒன்றை ஆண்டுதோறும் அமைத்த மக்களுக்கு இது இயல்பே. வயிரமேக தடாகத்தின் கரையை உடைப்பெடுத்த பின்பு பார்ப்பது அறிவாகாது. ஆண்டுதோறும் தூர் வார வேண்டும். 949இல் தக்கோலத்தில் சோழர் தோற்று, வடபகுதி இராட்டிரகூடர் கைக்கு மாறியது. அப்போதும் கன்னரதேவன் ஆட்சியாண்டைக் குறித்து இவ்வூர்ச் சபை தன் அலுவலைத் தொடர்ந்து நடத்திற்று. அரசு வீழ்ந்த நாளில் ஊர் நிலைத்ததற்கு, வீழாத நாளில் செய்த பழுதுபார்ப்பும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம்.

5. கல்வெட்டின் குறை

ஆயின் இக்கல்வெட்டைப் புகழ்ந்து நிறுத்துவோமாயின் திறனாய்வு முழுமை பெறாது. குடத்திலிடத்தக்க பெயர், இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய பிராமண ஆடவருடையது. உழுதவர் பெயரும் பெண்கள் பெயரும் ஓலையில் இல்லை. அச்சபை தனக்குள் கணக்குக் கேட்டது. தனக்குக் கீழிருந்தோர்க்குக் கணக்குக் கொடுக்கவில்லை. ஆதலால் அது தன்னைச் செவ்வையாகப் புதுப்பித்துக்கொண்டது, சமுதாயத்தைப் புதுப்பிக்கவில்லை. 1891இன் அறிக்கை கண்ட செங்கற்பட்டு, இவ்வழகிய விதிகளோடு ஒத்து வாழ்ந்த செங்கற்பட்டே. 1992இன் 73ஆவது திருத்தம் ஒடுக்கப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் ஊராட்சியில் இடம் தந்தபோதுதான் அவர்கள் பெயர் ‘குடத்தில்’ விழுந்தது. அதன் பின்னரும் 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் கொல்லப்பட்டார். அழிவுக்குக் காத்திராத திருத்தம் வேண்டும். அத்திருத்தத்தில் எல்லார் கணக்கும் எடுக்கப்படவும் வேண்டும்.

6. நம் பணிக்குரியது

நாடு அடியைத் தொட்டால்தான் புதுப்பிக்கப்படும் என்னும் கூற்றை மூன்று காரணங்களால் நாம் ஏற்கவில்லை. துன்பம் தானாகத் திருத்துவதில்லை. துன்பத்தின் சுமை சமமாக விழுவதில்லை. வீழ்ச்சிக்கு முன் திருந்தியோர் வரலாற்றில் உண்டு. சிலுவையின்றி உயிர்த்தெழுதல் இல்லையே என்பார்க்கு நம் விடை: சிலுவை இறைமகன் தாமே ஏற்றது. பிறரைச் சிலுவையில் ஏற்றிவிட்டு மூன்றாம் நாளுக்குக் காத்திருத்தல் அவருடைய வழியன்று.

இது நாட்டைப் பற்றியது மட்டுமன்று. நம் திருச்சபைகளின் தேர்தல்களும் சொத்துக்களும் நீதிமன்றம் ஏறும் இக்காலத்தில், ‘முற்றும் கெட்டபின் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என நல்லோர் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். அவர்கள் ஒதுங்கிய இடத்தில் யார் அமர்கின்றனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு வரவுசெலவைச் சபையார் அனைவர் முன்பும், கடைசி வரிசையில் அமரும் கூலித் தொழிலாளிக்கும் விளங்கும் தமிழில், வாசிப்பது சிறு செயலாகத் தோன்றலாம். பெரிய எழுப்புதல் கூட்டங்களைக் காட்டிலும் அதுவே மனந்திரும்புதலுக்கு அண்மையில் இருக்கிறது. உத்திரமேரூர்ச் சபையார்க்கு இரண்டு ஆண்டுகள் போதுமாயிருந்தன. நம்முடைய விதிகளை நாம் கடைசியாகத் திறந்து பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை ஒவ்வொரு குருசேகரமும் தன்னையே வினவிக்கொள்வதாக.